பாத்தாலே பாதிப் படிப்பு

எங்க டீச்சர் லேப்டாப்பைத் துடைச்சு நான் பாத்திருக்கேன். உறை போட்டு மூடிப் பாத்திருக்கேன். மடியில வச்சுத் தடவிக்கூடப் பாத்திருக்கேன். அதுல ஒரு எழுத்து அடிச்சு மட்டும் பாத்ததே இல்லை. சத்தியமா சொல்றேன், ஒத்த எழுத்து.

திண்டுக்கல்லை ஒட்டி அகரத்துப் பக்கம் எங்க ஸ்கூல். அஞ்சாவது வரைக்கும்தான் உண்டு. ரெண்டாயிரம் பொறந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். எங்க ஊருல இருந்து வெளிநாடு போன ஒருத்தர், தான் வச்சிருந்த பழைய லேப்டாப்பைக் கொண்டாந்து ஸ்கூலுக்குக் குடுத்துட்டுப் போனாரு. செங்கல் கனம் கனக்கும். பெரிய சார், அதான் ஹெட்மாஸ்டர், "எனக்கு இதெல்லாம் ஒத்துவராதும்மா"ன்னு அதை அஞ்சாவது டீச்சர்கிட்ட தள்ளிவிட்டாரு. அன்னையில இருந்து அவங்க கம்ப்யூட்டர் டீச்சர். சொந்தப் பேரைச் சொன்னா ஊருல பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் சொல்லப்போறதில்லை, அந்தப் பேரு என் வாயில வரவேணாம்.

சின்னாளப்பட்டிக்குப் போயி ஒரு சுங்குடிச் சேலை எடுத்தாங்க. அதுல ஒரு துண்டை வெட்டி லேப்டாப்புக்கு உறை தச்சாங்க. வெள்ளிக்கிழமையானா அந்தச் சேலையைத்தான் கட்டிட்டு வருவாங்க. டீச்சரும் புள்ளி போட்ட சேலை, லேப்டாப்பும் புள்ளி போட்ட சேலை. ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருப்பாங்க. நாங்க சிரிக்க முடியாது. சிரிச்சா தொலைஞ்சோம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு கம்ப்யூட்டர் வகுப்பு. பீரோ இருக்கிற ரூமுலதான். செருப்பை வெளிய விடணும். அடிபைப்புல கை கழுவணும். கழுவிட்டு வரிசையா நின்னு கையை நீட்டணும், டீச்சர் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுத் திருப்பிப் பாப்பாங்க, மோந்தும் பாப்பாங்க. எங்க ஊருல பாதி வீட்டுல பூ வெள்ளாமை. காலையில செண்டுமல்லி பறிச்சுட்டுத்தான் ஸ்கூலுக்கே வருவோம். செண்டுக் காம்பைக் கிள்ளுனா விரல்ல பச்சையா ஏறும், காயக் காயக் கறுத்துரும். என்ன தேய்ச்சாலும் போகாது. "ஏண்டி, இது கையா, கரி அடுப்பா? இதை வச்சுக்கிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடுவியா நீ?"ம்பாங்க. யாரு தொட்டா? தொடவே விடாத பொருளுக்கு எதுக்குடியம்மா இம்புட்டுப் பரிசோதனைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

உள்ள போயி உக்காந்ததும் கையைக் கட்டிக்கணும். டீச்சர் உறையை உருவுவாங்க, மூடியைத் திறப்பாங்க, ஒரு பட்டனை அமுக்குவாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அந்தப் பட்டன் ஒண்ணுதான். கொஞ்ச நேரம் என்னென்னமோ வெளிச்சம் வரும், அப்புறம் செத்த நேரம் சும்மா விட்டா நீலத் தண்ணியில மீன் நீந்துற படம் வரும். மஞ்ச மீனு, கோடு போட்ட மீனு. அதைத்தான் பீரியடு முழுக்கப் பாப்போம். மணி அடிச்சா மூடி வச்சிருவாங்க. "பாத்தாலே பாதிப் படிப்பு"ம்பாங்க. அதுதான் அவங்க வாயில எப்பவும் இருக்கிற பேச்சு. ஒரு தடவை நான் எந்திரிச்சு, "மிச்சப் பாதி டீச்சர்?"னு கேட்டேன். அடிக்கப்போறாங்கன்னு எல்லாரும் நெனச்சாங்க. டீச்சர் சிரிச்சுட்டாங்க. "மிச்சப் பாதி டவுன் ஸ்கூல்லடி. வாயாடி."

தொடாம எப்பிடிப் படிக்கிறதுன்னு நீங்க கேப்பீங்க. அதுக்கு அட்டை இருந்துச்சு. பழைய காலண்டர் அட்டையில ஆளுக்கொரு கீபோர்டு வரைஞ்சு வச்சுக்கணும். க்யூ, டபிள்யூ, ஈ, ஆர்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சுக்கிட்டே அட்டையில விரலால குத்தணும். டீச்சர் ஸ்கேலை வச்சுக்கிட்டு நடுவுல நடப்பாங்க, தப்பான கட்டத்துல விரல் போனா விரல் மேலயே விழும். எனக்கு ஒரு நாளும் விழுந்ததில்லை. கண்ணை மூடிக்கிட்டு என் பேரை, அப்பா பேரை, ஊரு பேரை எல்லாம் இங்கிலீசுல குத்துவேன். டீச்சர் மத்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இவ விரலைப் பாருங்கடா, மிஷின் தோத்துச்சு"ம்பாங்க. நான் அடிச்ச பேரு எந்தத் திரையிலயும் வராது. ஆனாலும் எனக்கு ஒரே பெருமை.

ஒரு பய இருந்தான் எங்க வகுப்புல, துறுதுறுன்னு இருப்பான். ஒரு நா மீன் திரையில ஓரத்துக்கு வந்துச்சா, எட்டி விரலை வச்சுட்டான். மீனைத்தான் பிடிக்கப் பாத்தான், கழுதை. டீச்சர் அவனை அடிக்கலை. என் சடையில இருந்த ரிப்பனை உருவுனாங்க. அவன் ரெண்டு கையையும் பின்னால சேத்துக் கட்டுனாங்க. "இப்பப் பாரு அப்பு, நல்லாப் பாரு"ன்னு திரைக்கு முன்னாடியே உக்கார வச்சாங்க. முதல்ல அவனும் சிரிச்சான், நாங்களும் சிரிச்சோம். அப்புறம் அவன் ஒண்ணுக்குப் போகணும்னான். டீச்சர் காதுல வாங்கலை. "டீச்சர், டீச்சர்"ங்கிறான், அவங்க மீனைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. டவுசரோடயே ஒண்ணுக்குப் போயிட்டான். அது தரையில வழிஞ்சு வந்த உடனே டீச்சர் பதறிப்போயி ஓடி வந்தாங்க. அவனைத் தூக்கலை, லேப்டாப்பைத் தூக்குனாங்க. எனக்கு வீட்டுல ரிப்பனைத் தொலைச்சதுக்கு அடி விழுந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். என் மேல அவங்களுக்கு ஒரு இது இருந்துச்சு. மத்தியானம் நான் வெறும் சோத்தைத் தின்னா, "வெஞ்சனம் இல்லாமத் திங்காதேடி"ன்னு அவங்க டப்பாவுல இருந்து பொரியலை அள்ளி வைப்பாங்க. எனக்குப் பேன் பாத்து விட்டிருக்காங்க. எங்க அம்மா பாத்தது இல்லை அப்பிடி. எங்க ஸ்கூல்ல ஒரு வழக்கம் உண்டு. அஞ்சாவது முடிக்கிற பொம்பளப் பிள்ளைகள்ல ஒருத்தியை டீச்சரே திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயி, ஹாஸ்டல் இருக்கிற பெரிய ஸ்கூல்ல சேத்துவிடுவாங்க. அங்க அவங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தாங்க. அந்த ஸ்கூல்ல ஒரு ரூம் நெறைய கம்ப்யூட்டராம், ஆளுக்கொண்ணாம், அடிக்க அடிக்க எழுத்து வருமாம். "இந்த வருஷம் இவளைத்தான் கூட்டிட்டுப் போறேன்"னு எங்க அப்பாகிட்டயே சொல்லிட்டாங்க. அப்பா அன்னைக்குப் பூராம் தோட்டத்துல விசிலடிச்சுக்கிட்டே திரிஞ்சாரு. நான் தூங்கும்போதுகூட விரலை ஆட்டுனேன்னு அம்மா சொல்லுவா.

ஒரு ஆபீசர் வந்தாரு இடையில. "லேப்டாப்பெல்லாம் இருக்காமே, ஒரு பிள்ளையை இயக்கச் சொல்லுங்க"ன்னாரு. டீச்சருக்கு மொகம் வெளுத்துப்போச்சு. "கரண்ட் இல்லீங்க சார்"னாங்க. அவரு தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டு இருக்கு. அவரு ஃபேனைப் பாத்தாரு, டீச்சரைப் பாத்தாரு. டீச்சரும் ஃபேனைப் பாத்துட்டு, "இதுக்கு வேற கரண்ட் சார்"னு அடிச்சு விட்டாங்க பாருங்க! பெரிய சார் காப்பி வந்துருச்சுன்னு அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அவரு கிளம்புறதுக்கு முன்ன நான் முன் வரிசையில எந்திரிச்சு நின்னேன், நான் அடிக்கிறேன் சார்னு சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் ஒரு பார்வை பாத்தாங்க. உக்காந்துட்டேன்.

இதெல்லாம் சில்லறை விஷயம். ஆயுத பூஜைதான் என் தலையில விழுந்துச்சு.

லேப்டாப்புக்குப் பூஜை போடணும்னு டீச்சர் முடிவு பண்ணிட்டாங்க. "சரஸ்வதிடி அது. நல்ல செண்டு மாலையாக் கட்டிட்டு வா, வாடாம இருக்கணும்"னு என்கிட்ட சொன்னாங்க. வாராவாரம் கரி அடுப்புன்னு திட்டின கையிதான், மாலை கட்ட மட்டும் ஆகும். அப்பா விடியுறதுக்குள்ள பறிச்சு, கைத் தண்டி மாலையாக் கட்டி, தண்ணியில முக்கி எடுத்து, ஈரச் சாக்குல சுத்திக் குடுத்தாரு. பூக்காரங்க யாரு கட்டினாலும் அப்பிடித்தான், தண்ணி இல்லாட்டி மாலை மதியத்துக்கு மேல நிக்காது. சொட்டச் சொட்டக் கொண்டுபோயிக் குடுத்தேன். டீச்சர் மூடியைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்துலயும் மோதிர விரலால சந்தனம் வச்சாங்க, அதுக்கு மேல குங்குமம். அவங்க விரல் அந்த எழுத்துல பட்டதை அன்னைக்குத்தான் பாத்தேன். வண்டிக்கு வைக்கிற மாதிரி நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வேற. கடைசியா என் மாலையை மடிச்சு அந்த எழுத்து மேலயே வச்சாங்க. சூடம் காட்டுனாங்க. பூஜையில வச்சதை அன்னைக்கு எடுக்கக் கூடாதுல்ல? மாலையோட மூடியை மெதுவாச் சாத்தி, உறையைப் போட்டு, ரூமைப் பூட்டிச் சாவியை ஹேண்ட்பேக்குல போட்டுக்கிட்டாங்க. அப்புறம் விஜயதசமி லீவு, அதை ஒட்டி ஞாயித்துக்கிழமை. ஸ்கூல் திறக்கிற வரைக்கும் அது மாலையைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

திறந்தன்னைக்கு டீச்சர் பட்டனை அமுக்குனாங்க. வெளிச்சம் வரலை, மீனும் வரலை. திரும்பத் திரும்ப அமுக்குனாங்க. மாலை அழுகி நாறிக்கிட்டு இருந்துச்சு, அதை எடுத்துத் தூரப் போட்டாங்க. சந்தனத்தைத் துடைச்சாங்க. துடைச்ச பெறகு பாத்தா, எழுத்துக் கட்டமெல்லாம் பச்சையும் கறுப்புமா ஒரே கறை. செண்டு நனைஞ்சு கெடந்தா கறை இறங்கத்தானே செய்யும்? டீச்சர் அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவாத் திரும்பி என் கையைப் பாத்தாங்க. எல்லாப் பிள்ளைகளும் என் கையைப் பாத்துச்சுக.

"இது யாரு கைக் கறை?"

"டீச்சர், அது பூவு…"

"கையைக் கட்டிக்கிட்டு இருக்கிற பிள்ளைக இம்புட்டுப் பேரு இருக்கு. இதுல யாருக்குடி அடிச்சுப் பாக்கணும்னு அரிப்பு? நீதான் அன்னைக்கு ஆபீசர் முன்னாடியே எந்திரிச்சவ!"

"ரூமு பூட்டி இருந்துச்சு டீச்சர். சாவி உங்ககிட்டதானே…"

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், நடந்ததைச் சொன்னா போதும்னு நெனச்சேன். டீச்சர் என் விரலை மேசையில விரிக்கச் சொல்லி ஸ்கேலைத் திருப்பிப் பிடிச்சு அடிச்சாங்க. ஓங்கியும் அடிக்கலை, கோவமாவும் அடிக்கலை. க்யூ, டபிள்யூ, ஈ, ஆர்னு சொல்லிக்கிட்டே ஒவ்வொரு விரலா அடிச்சாங்க. மத்தப் பிள்ளைகளையும் கூடச் சேந்து சொல்லச் சொன்னாங்க. சொல்லுச்சுக. டவுசரோட போன அந்தப் பய இருக்கான்ல, அவன்தான் எல்லாருக்கும் மேல சத்தமாச் சொன்னான்.

மறுநா அப்பாவை வரச் சொல்லியிருந்தாங்க. அதே நேரம் திண்டுக்கல்லுல இருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கிறவரு ஒருத்தரும் பைக்குல வந்துட்டாரு. அவரு திருப்புளியை வச்சு அடிப்பக்கத்தைக் கழட்டுனாரு. உள்ள இருந்து செண்டு இதழு வருது, சந்தனக் கட்டி வருது, மஞ்சத் தண்ணி சொட்டுது. அவரு சிரிச்சுட்டாரு. "என்னங்க மேடம், லேப்டாப்புக்கு அபிஷேகம் பண்ணீங்களா? ஈர மாலையை வச்சு மூடுனா எப்பிடிங்க தாங்கும்?"

எனக்கு உசுரு வந்துருச்சு. அப்பா கையைப் பிடிச்சேன். அப்பாவும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாரு. பெரிய சாரும் நிக்கிறாரு.

டீச்சர் அலட்டிக்கவே இல்லை. "மாலையைத் தண்ணியில முக்கிக் கொண்டாந்தது யாரு? நான் சொன்னேனா முக்கச் சொல்லி?"ன்னாங்க. பெறகு ரிப்பேர்காரரைப் பாத்து, "சார், பிள்ளைக கை வச்சாலும் இப்பிடி ஆகும்ல?"ன்னாங்க. அவரு டீச்சர் மொகத்தைப் பாத்தாரு, பெரிய சாரைப் பாத்தாரு. திருப்புளியைப் பையில போட்டுக்கிட்டே, "ஆகும், ஆகும். பிள்ளைக சும்மா இருக்குமா? கண்டதையும் ஊத்தியிருக்கும்"னுட்டாரு. அம்புட்டுத்தான். அவரு பாட்டுக்குக் கிளம்பிப் போயிட்டாரு.

அப்பா ஏதாச்சும் சொல்லுவாருன்னு பாத்தேன். எங்க அப்பா மார்க்கெட்டுல பூ வெலையில ஒரு சொல்லு கூடக் குறைய வந்தாலும் துண்டை உதறிட்டுச் சண்டைக்கு நிக்கிற ஆளு. தோள்ல இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டுனாரு. "மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. பிள்ளை தெரியாமச் செஞ்சுருச்சு"ன்னாரு. நான் "அப்பா"ன்னேன். முதுகுல ஒண்ணு வச்சாரு. வீட்டுக்கு வர்ற வழியில அழுதுகிட்டே கேட்டேன், ஏம்ப்பா அப்பிடிச் சொன்னீங்கன்னு. "உன் தம்பி ரெண்டாவதுல இருக்கான்ல. இன்னும் மூணு வருஷம் அங்கதானே, கடைசியில அவங்க கையிலதானே படிக்கணும்"னாரு. எனக்கு டீச்சர் மேல வந்த கோவத்தைவிட அவரு மேல அதிகமா வந்துச்சு. இன்னும் இருக்கு.

அந்த வருஷம் டவுன் ஸ்கூலுக்கு வேற ஒருத்தியைக் கூட்டிட்டுப் போனாங்க. அவளுக்கு எஃப் எங்க இருக்கு, ஜி எங்க இருக்குன்னு தெரியாது. நல்ல பிள்ளை, கேள்வி கேக்க மாட்டா. "திருட்டுத்தனமா அடிச்சுப் பாக்கிற பிள்ளையை நான் எப்பிடிச் சிபாரிசு பண்றது? அந்த ஸ்கூல்காரங்க மொகத்துல நான் முழிக்க வேணாமா?"ன்னு அம்மாகிட்ட டீச்சர் சொன்னாங்களாம். எங்க அப்பாவுக்கு அந்த ஸ்கூலு எந்தத் தெருவுல இருக்குன்னே தெரியாது. "ஒரு வருஷம் பூவுக்குப் போகட்டும், பெறகு பாப்போம்"னாரு. பெறகு யாரும் பாக்கலை. நான் பூவுக்குப் போனேன், கொஞ்சம் வளந்ததும் பஞ்சு மில்லுக்குப் போனேன்.

மில்லு வேனுக்காகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதுதான் அவங்களை மறுபடி பாத்தேன். எனக்கு அப்பப் பதினாறு, பதினேழு இருக்கும். தலைமுடியெல்லாம் முந்தின நா ஷிஃப்டுப் பஞ்சு ஒட்டிக் கெடக்கு. டீச்சர் அப்பிடியே இருந்தாங்க, கொஞ்சம் நரை. தோள்ல புது லேப்டாப் பை. பக்கத்துல ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் போட்டியாம், கூட்டிட்டு வந்திருக்காங்க. என்னைப் பாத்ததும் அவங்க மொகத்துல வந்த சந்தோசம் இருக்கே, பொய்யில்லை. "ஏண்டி! எப்பிடி இருக்க? இளைச்சுட்டியேடி. சாப்டியா?"ன்னு கன்னத்தைத் தடவுனாங்க. எனக்குப் பாழாப்போன கண்ணு கலங்கிருச்சு. அந்தச் சின்னப் பிள்ளைகிட்டத் திரும்பி, "இது யாரு தெரியுமா? நம்ம ஸ்கூல்ல முதல் லேப்டாப்பை உடைச்ச அக்கா இவதான்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க.

"நான் உடைக்கலை டீச்சர். ஈர மாலையை வச்சு மூடுனது நீங்க."

சொல்லிட்டேன். கத்துவாங்கன்னு நெனச்சேன். அவங்களுக்குக் கோவமே வரலை. "பாத்தியா, இம்புட்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஒத்துக்கிறாளா பாரு"ன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லி இன்னும் சிரிச்சாங்க. "ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்காதேடி. நான் உன்னை அன்னைக்கே மன்னிச்சு விட்டுட்டேன். இந்தா, செத்த நேரம் இவளைப் பாத்துக்க, எந்த பஸ்ஸுன்னு கேட்டுட்டு வாரேன்"னு பையை மாரோட அணைச்சுக்கிட்டுக் கண்டக்டரைப் பாக்கப் போயிட்டாங்க. பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, பையை விடலை.

அவங்க நம்புறாங்க. அதுதான் எனக்குத் தாங்கலை. பொய்னு தெரிஞ்சு சொல்லியிருந்தா ஒரு நாளாச்சும் உறுத்தியிருக்கும்ல?

அந்தச் சின்னப் பிள்ளை என்னையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. நல்ல முழி. கை ரெண்டையும் கட்டிக்கிட்டு நிக்குது, யாரும் சொல்லாமலே. "எதுக்குக்கா உடைச்சீங்க?"ன்னு கேட்டுச்சு.

குனிஞ்சு அது காதுக்கிட்டப் போனேன். "உங்க டீச்சருக்கு உன்னைப் பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்க்கா. என்னைத்தான் டவுன் ஸ்கூல்ல சேத்துவிடப் போறாங்க."

"விட மாட்டாங்க. நீயும் உடைப்ப பாரு. நீ உடைக்காட்டியும் நீதான் உடைச்சேன்னு சொல்லுவாங்க. உங்க அப்பாவும் ஆமான்னுதான் சொல்லுவாரு."

பிள்ளைக்கு உதடு கோணிருச்சு. ஒரு மாதிரி விக்கிவிக்கி, அப்புறம் வீறுன்னு அழ ஆரம்பிச்சுச்சு. அந்தப் பக்கத்துல இருந்து டீச்சர் ஓடி வர்றாங்க, "என்னாச்சு, என்னாச்சு"ன்னு. என் வேனு ஆரன் அடிச்சுச்சு. நான் போயி ஏறி, ஜன்னல் ஓரமா உக்காந்துக்கிட்டேன். பிள்ளை என்னைக் கையை நீட்டிக் காட்டி அழுகுது, டீச்சருக்கு ஒண்ணும் விளங்கலை. பாவம்னு தோணலை எனக்கு. அன்னைக்கு மில்லுல ஷிஃப்டு முடியுற வரைக்கும் எனக்கு அலுப்பே தெரியலை.